கரை ஏலத்தில் பிறந்த வள்ளம்

முட்டம் கடற்கரையில் கட்டுமரக்காரர் தாம் பிடித்த மீனுக்குத் தாமே விலை சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. வலைக்கும் மரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீன் போக வேண்டும். விலையும் அவர் வைத்ததுதான். உரத்துக்குக் கமிஷன் கடையில் கடன் வாங்கி, வாழைக்குலையை அங்கேயே இறக்கும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முதலில் வழி கண்டவர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாடு மீனவர்கள். ஊர்ச் சங்கமே கரையில் ஏலம் விட்டது. குமரிக் கரையிலும் அதுபோல் சங்கங்கள் எழுந்தன. 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (சிஃப்ஸ்) உருவானது.

இதில் கெட்டிக்காரத்தனம் கடன் அடைக்கும் முறையில் இருக்கிறது. மாதத் தவணை கிடையாது. அன்றைய ஏலத் தொகையில் ஒரு பங்கைச் சங்கம் பிடித்துக்கொள்ளும். மீன் படாத நாளில் பிடித்தமும் இல்லை. வட்டிக்காரரிடம் இப்படி ஒரு தயவை எதிர்பார்க்க முடியுமா!

அதற்குள் கட்டுமரத்துக்கு ஏற்ற தடி அரிதாகி விலை ஏறிவிட்டது. முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் நிலையத்தில், பியர் கிலே என்ற பொறியாளர் பிளைவுட் பலகையில் வள்ளம் செய்து பார்த்தார். எடுத்த எடுப்பில் அமையவில்லை. கட்டுமரத்தில் தண்ணீர் தேங்காது, மூழ்காது, அலையைத் தாண்டி மணலில் ஏறிவிடும். இத்தனையும் பலகை வள்ளத்திலும் வேண்டும் என்பது கடலுக்குப் போகிறவர்களின் கேட்பு. அவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, பட்டறை திருத்தித் தந்தது. கிலே 1985-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்புக்கே ‘சிறியது கடினம்’ என்றுதான் பொருள்.

ஏலம், கடன், பட்டறை மூன்றும் கைகோத்ததால்தான் புது வள்ளம் ஏழை மீனவருக்கும் எட்டியது. பின்னாளில் வெளிப்பொருத்து எஞ்சினும் அதன் பழுதுபார்ப்பும் இதே வழியில் வந்தன.

கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டே அறுவடை காணும் நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அன்றாடப் பிடித்தம் ஒத்துவராது. தினமும் பால் ஊற்றுபவருக்கும், தோவாளைச் சந்தைக்குப் பூக் கொண்டுபோகிறவருக்கும் ஒத்துவரும். ஆனால் சரக்கு முழுவதும் சங்கத்தின் வழியாகவே விற்க வேண்டும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று வெளியில் கொடுக்கத் தொடங்கினால், பிடித்தம் செய்யச் சங்கத்தின் கையில் எதுவும் இருக்காது.