சரம் பின்னிய கை

சரவெடி பின்னப் பெரியம்மாதான் கற்றுக்கொடுத்தார். இடப்பக்கம் ஒரு வெடி, வலப்பக்கம் ஒரு வெடி. திரிகளை நடுவில் சேர்த்து நூலால் பின்னிக்கொண்டே போக வேண்டும். இறுக்கினால் திரி முறிந்து தீ பாதியில் நிற்கும். தளர்ந்தால் வெடி உதிரும். "தலை பின்னுற மாதிரிதாண்டி" என்பார். தலைமுடியில் மருந்து கிடையாது. இதிலோ விரலிடுக்கில் ஏறிய சாம்பல் நிறம் சோற்றுத் தட்டுவரை கூட வரும்.

கொஞ்ச நாளில் எனக்கென்று ஒரு கை வந்தது. பெரியம்மா நூலை வலமாகச் சுற்றுவார், நான் இடமாக. குவியலில் எது யாருடையது என்று தெருப் பெண்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். கணக்குப்பிள்ளைக்கு எல்லாம் எண்ணிக்கைதான்.

ஸ்காட்லாந்தில் மேகன் பாய்டு என்றொருவர் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செயற்கைப் பூச்சி கட்டினார். பழைய பூச்சிகளைப் பிரித்துக் கட்டிப் பழகியவர். 1971இல் பிரிட்டன் பதக்கம் கொடுத்தது. சிவகாசியின் தொழில் வரலாறு, கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடாரோடு தொடங்கும். அவர்கள் பெயர் இருக்க வேண்டியதுதான். பின்னியவள் பெயர்?

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காற்று மாசு, இரைச்சல், குப்பை காரணமாகச் சரவெடியைத் தடைசெய்தது. தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் தெருவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அந்தக் கைகளுக்கு அடுத்து என்ன வேலை என்று தெருவுக்கு வந்து யாரும் கேட்கவில்லை. பெரியம்மா இப்போது பூக் கட்டுகிறார். மல்லிகையை இடமொன்று வலமொன்றாக வைத்து, அதே இறுக்கத்தில்.