"கடத்தல் எண்டால் என்ன, ரீச்சர்?"

ஜூலை 17, 2025, வியாழன். கிளிநொச்சி

ஆடிப்பிறப்பு. பக்கத்து வீட்டு அக்கா கூழ் கொண்டுவந்தா. அவவின் தங்கை மகன் தாய்லாந்து போகிறானாம். போன முறை உயர்தரம் எழுதியவன், என்னிடம் படித்தவன். கணினியில் தரவு பதிகிற வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, தங்க இடம். 29ஆம் திகதி பயணம்.

"என்ன விசா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிஞ்சதோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவன்ர மாமா பாக்கிறார், ரீச்சர். பிறத்தியார் இல்லை."

ஜூலை 18, வெள்ளி

30ஆம் திகதி ஆட்கடத்தலுக்கு எதிராக ஐ.நா. அறிவித்த நாள். அதற்குப் பிள்ளைகள் 'ஆட்கடத்தலை ஒழிப்போம்' என்று சுவரொட்டி எழுதியிருந்தார்கள். கடத்தல் என்றால் என்ன நினைவு வருகிறது என்று கேட்டேன். "வெள்ளை வான்" என்றான் ஒருவன். "அம்மம்மா போய் இருக்கிற பந்தல்" என்றாள் ஒருத்தி. கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தைச் சொல்கிறாள்.

வன்னியில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு துயரத்துக்குச் சொந்தம். இழுத்துக்கொண்டு போனால்தான் கடத்தல் என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். விபூதி பூசி, வான் பிடித்து, கட்டுநாயக்கா விமான நிலையம் மட்டும் போய் நாங்களே ஏற்றிவிடுவதை அந்தப் பெயரால் எப்படி இனங்காண்பார்கள்? 'மனித வியாபாரம்' என்று மாற்றி எழுதச் சொன்னேன். 2006இல் திருத்திய தண்டனைச் சட்டப்படி, சுரண்டுவதற்காக ஏமாற்றி ஆள் சேர்ப்பதே குற்றம். 2 முதல் 20 ஆண்டு வரை சிறை. கையைக் காலைக் கட்டியிருக்க வேண்டியதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வட்டக்கச்சியில் அவன் வீடு. சோளகக் காற்றில் முற்றமெல்லாம் புழுதி. வாய்க்காலுக்கு அப்பால் சிறுபோக நெல் பச்சையாய் நிற்கிறது. தகப்பன் 2009இல் போனவர். கோழி வளர்க்க எடுத்த நுண்கடனை அடைக்கத் தாய் இன்னொரு கடன் எடுத்திருக்கிறா.

வட்ஸ்அப்பில் வந்த வேலைக் கடிதத்தைக் காட்டினான். கம்பனிக்கு முகவரி இல்லை. ரிக்கெற் பாங்கொக் வரை. அடுத்து ஒரு குரல் பதிவு: "எயார்போட்டில கேட்டால் சுத்திப் பாக்கப் போறன் எண்டு சொல்லு." வேலைக்குப் போகிறவனை உல்லாசப் பயணி என்று சொல்லச் சொல்கிற முதலாளி எப்படிப்பட்டவன்?

வரைபடத்தைத் திறந்து காட்டினேன். பாங்கொக்கிலிருந்து தரைவழியே மேசொட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியன்மாரின் மியாவடி. 2023, 2024இல் இலங்கைப் பொடியள் பலர் அங்கே அடைபட்டு, இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டு, அடிபட்டு மீண்டதைச் சொன்னேன். கணினி தெரிந்த பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். அவன் என்னிடம் கற்றதுதான் அவர்களுக்கு வேண்டிய தகுதி.

எல்லாம் கேட்டுவிட்டு, "இஞ்ச இருந்து என்ன செய்யிறது, ரீச்சர்?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் நாங்கள் நடத்துகிற விழிப்புணர்வுக் கூட்டமெல்லாம் பிள்ளைகளை வெருட்டத்தான் உதவும்.

ஜூலை 21, திங்கள்

அவனோடு பிரதேச செயலகம் போனேன். வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர் கடிதத்தைப் பொறுமையாய்ப் படித்தார். முகவர் அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை, பணியகத்தின் அங்கீகாரம் இல்லை. பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்டோம். வரும் வழியில் அவன் ஒன்றும் கதைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

மாமா எனக்கே அழைப்பெடுத்தார். "பொடியன்ர எதிர்காலத்தைக் கெடுக்காதேங்கோ." குரலில் கோபத்தைவிடப் பதற்றம்தான் கூட. அவரும் யாரையோ நம்பியிருக்கலாம். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அருகே கப்பலில் தத்தளித்த 303 பேரும் அப்படி யாரையோ நம்பி, பணம் கட்டி, கனடா போகவென்று ஏறியவர்கள்தான்.

பிறகுதான் தாய் வாய் திறந்தா. காணி உறுதி ஈட்டில் இருக்கிறது. முற்பணம் போய்விட்டது.

ஜூலை 29, செவ்வாய்

அவன் போகவில்லை. காலையில் சைக்கிளில் பாடசாலை வாசலுக்கு வந்து நின்றான். பாஸ்போட் இன்னும் மாமாவிடம். முறைப்பாடு கொடுப்போம் என்றேன், தாய்க்கு விருப்பமில்லை. "சொந்தம் அறுந்துபோம், ரீச்சர்." எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் செத்தவீடு, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் அந்தச் சொந்தம்தான் அவவுக்கு. நாளைக்கு விதானையாரோடு போய் பாஸ்போட்டையாவது வாங்குவதாக முடிவு. வட்டிக்கு என்ன வழி என்று இன்னும் யோசிக்கிறோம். தொழில் பயிற்சி விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

ஜூலை 30, புதன்

பாடசாலைக் கூட்டத்தில் சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938, வெளிநாட்டு வேலைக்கு 1989 என்று மூன்று இலக்கங்களையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பிறகு பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எல்லோரும் போகும்வரை நின்றாள். அக்கா ஓமானுக்கு விசிட் விசாவில் போனவவாம். இரண்டு மாதமாக ரெலிபோன் வேலை செய்யவில்லையாம். வெளியில் சொன்னால் ஊர் என்ன கதைக்கும் என்று அம்மா அழுகிறாவாம்.

"அக்காவின்ர பாஸ்போட் நம்பர் தெரியுமோ?" என்று கேட்டேன்.

கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே எழுதி வைத்திருந்தாள்.