கறுத்த பழத்தைக் கையில் கொடுக்கும் முன்

பினாங்குத் தீவின் கொடிமலையில் ஸ்ட்ராபெரிக் குன்று என்று ஓர் இடம் இருக்கிறது. பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியது 1786-இல். இரண்டே ஆண்டில், 1788-இல், அந்தக் குன்றுக்குக் குதிரை போகும் பாதையை வெட்டச் சொன்னார். அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு ஊர்ப்பழத்தின் மேல் ஏக்கம் இருப்பது இயல்பு. நம் முன்னோர் லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டதும் அந்த ஏக்கத்தில்தான்.

இன்று ஜார்ஜ்டவுன் பேரங்காடிகளில் பிளாக்பெரி சின்னப் பெட்டிகளில் வந்து இறங்குகிறது. விலை கொஞ்சநஞ்சமல்ல. குளிர் தேசத்துச் செடி அது. நம் வெயிலில் வளர்த்துக் காய்க்க வைப்பது கடினம். அதன் இனத்தைச் சேர்ந்த முள்கொடிகள் தீபகற்ப மலேசியாவின் மலைக்காடுகளில் உண்டு, ஆனால் அவற்றின் பழம் பெரும்பாலும் சிவப்பு. பேரப்பிள்ளைகள் கேட்டால் ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கிறோம். கொடுப்போம், அதில் தவறில்லை. ஆனால் அதே கறுப்பில், அதே போல் விரலையும் நாக்கையும் சாயமாக்கும் பழம் நம் தாமானுக்குப் பின்னால் உள்ள மேட்டிலேயே காய்த்துக் கிடக்கிறது. அதைக் காட்டித் தர வீட்டில் ஆளில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்று சொல்லும் செடிதான் அது. மண் எவ்வளவு புளித்துக் கெட்டுப்போயிருந்தாலும் வளரும். மலையை வெட்டிச் சாலை போட்ட ஓரம், கைவிட்ட தோட்டம், ரயில் பாதைக் கரை, எங்கும் பார்க்கலாம். ஊதா நிறப் பூ, ஐந்து இதழ். கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். இலையைத் தடவினால் சொரசொரக்கும். நரம்புகள் காம்பில் தொடங்கி நுனிவரை நீளவாட்டில் ஓடும். பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது அந்த நரம்பைத்தான். காய் சிறு கிண்ணம் போல் இருக்கும். பழுத்ததும் தானாக வெடித்து, உள்ளே கருநீலச் சதையும் தூசு போன்ற விதைகளும் தெரியும். வெடிக்காததைத் தொட வேண்டாம். இனிப்பு லேசானதுதான், கூடவே ஒரு துவர்ப்பு. வயிறு நிறையாது, பொழுது நிறையும்.

இந்தப் பழம் எனக்குப் பழக்கமானது, நான் பிறந்த செபராங் பிறை ரப்பர் தோட்டத்தில். அம்மா மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து களைக்கு மருந்து அடித்தவர். சாயங்காலம் வந்ததும் குளிக்காமல் எங்களைத் தொட மாட்டார். அடுப்புப் பக்கம் போவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு, "ஆறாம் நம்பர்ல இன்னிக்கு மருந்து. அந்தப் பக்கம் ஒரு பழத்தைத் தொடக் கூடாது" என்பார். நாள்தோறும் நம்பர் மாறும், சொல்வது மாறாது. மருந்து அடிக்காத வரிசைக்கு அவரே எங்களை அழைத்துப் போன நாட்களும் உண்டு. முதல் பழத்தை அவர்தான் வாயில் போடுவார். அவர் மென்று விழுங்கிய பிறகுதான் எங்கள் கை நீளும்.

பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியைப் பற்றி எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தோட்டத்துப் பெண்களின் உடம்பை மருந்து என்ன செய்கிறது என்பதை, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தெனாகானித்தா என்ற பெண்கள் அமைப்பும் சேர்ந்து 2002-இல் ஆய்வாக வெளியிட்டன. அரசு அந்த ஆண்டே தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அது மிகவும் தாமதமாக வந்த நியாயம்.

அம்மா சொன்னதை இன்றைக்கு இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாராகுவாட் பட்ட இலை வெயிலில் சில மணி நேரத்திலேயே வாடிப் பழுப்பாகும், பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது பரவலாக அடிக்கும் கிளைபோசேட் அப்படியல்ல. செடி மஞ்சளாகி வாடப் பல நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். அதனால் சாலையோரத்தில் புல் பச்சையாக இருக்கிறதே என்று நம்பிப் பழத்தைப் பறிக்கக் கூடாது. சாலையோரம், கால்வாய்க் கரை, மின்கம்பிக்குக் கீழே உள்ள நிலம் மூன்றையும் நான் விட்டுவிடுவேன். பக்கத்துக் கம்பத்தில் தெரிந்தவர் நிலமாக இருந்தால் கேட்டுவிட்டுப் போவேன். தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலும், 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற கொடிமலைக் காட்டிலும் பறிக்கவே மாட்டேன். அங்கே உள்ளவை பறவைக்கும் குரங்குக்கும் உரியவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்ணிச்செடியின் பழக்கொத்து, படத்தில் பார்த்த பிளாக்பெரியைப் போலவே இருக்கும்; கருமணிகள் நெருங்கி மினுமினுக்கும். அதே கொத்தில் உள்ள பச்சைக் காய் நஞ்சு. படத்தைப் பார்த்துப் பழத்தை அறிந்த பிள்ளை இதில்தான் ஏமாறும். இலையைக் கசக்கினால் வரும் காரமான வாடையையும் சதுரத் தண்டையும் ஒருமுறை கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

மேட்டுக்குப் போக முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மல்பெரி இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வீட்டுத் தோட்டம் போடச் சொல்லிப் பல காலமாகப் பிரசாரம் செய்து வருகிறது. அடுக்குமாடி வீட்டின் முன் ஒரு தொட்டி வைக்க இடம் இருந்தாலும் மல்பெரி வரும். பென்சில் கனத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் நட்டால் வேர் பிடிக்கும். வெயில் வேண்டும். இலை அடர்ந்து காய் நின்றுவிட்டால், இலைகளை உருவி நுனியைக் கத்தரித்துவிடுங்கள். சில வாரங்களில் புதுத் துளிர் வரும், துளிரோடு காயும் வரும். நம் ஊரில் பனிக்காலம் இல்லாததால் இதை ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

சிவந்த பழம் புளிக்கும். நன்றாகக் கறுத்தது விரல் பட்டதும் கையோடு வந்துவிடும். காலையில், ஈரம் காய்ந்ததும் பறிப்பது நல்லது. பறித்த உடனே கழுவினால் ஊறிப்போகும், சாப்பிடும்போது கழுவினால் போதும். குளிர்பெட்டியிலும் நெடுநாள் தாங்காது. மிஞ்சுவதை நான் சட்டியில் போட்டு, பழத்தில் பாதி சர்க்கரை சேர்த்து, சின்னத் தீயில் கிண்டுவேன். சிவந்த பழம் ஒரு கைப்பிடி சேர்த்தால் ஜாம் தானாக இறுகும். இறக்கும்போது கஸ்தூரி எலுமிச்சை இரண்டைப் பிழிவேன். அதையே நீர்க்கக் காய்ச்சி, ஐஸும் ஓர் அசாம்போயும் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் கடைப் பானத்தைக் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுத் தொட்டிச் செடியில் உச்சிக் கொப்பைக் கொண்டைக்குருவிக்கு விட்டிருக்கிறோம். வலை போடலாமே என்று மருமகள் கேட்டார். வேண்டாம் என்றேன். செண்டுடோக் விதையை மேட்டுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பதும் இப்படிப்பட்ட குருவிகள்தானே!

வருகிற பள்ளி விடுமுறையில் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு உங்கள் பேரப்பிள்ளையை வெளியே அழைத்துப் போங்கள். பழம் பறிக்கப் போகும் நிலம் யாருடையது, கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று விசாரியுங்கள். இலை நரம்பைக் காட்டுங்கள். முதல் பழத்தை நீங்கள் சாப்பிடுங்கள்.