இழுத்துப் பார்த்தனியோ?

ஊரிலிருந்து யாராவது தொலைபேசி எடுத்தால் "என்ன வேலை செய்யிறாய்?" என்று கேட்பார்கள். "காருக்கு வயர் கட்டுற வேலை" என்று முடித்துவிடுவேன். ஒருமுறை "மிலிட்டரி கனெக்ரர் பூட்டுறன்" என்று சொல்லப்போய், பெரியம்மா பயந்தே போனார். "உதுகளை ஃபோனிலை கதையாதை மோனை" என்று வைத்துவிட்டார்.

விசயம் அவ்வளவு பயங்கரமில்லை. இங்கிலாந்தில் ஒரு சின்ன வேலைத்தலத்தில் ரலி ஓட்டக் கார்களுக்கு வயரிங் செய்கிறோம். கல்லிலும் கிடங்கிலும் பாய்கிற காருக்கு சாதாரண பிளாஸ்ரிக் பிளக் காணாது. அமெரிக்க இராணுவத் தரத்தின்படி செய்யப்படும் 38999 என்ற வட்டக் கனெக்ரர்கள்தான் சரி. விமானங்களிலும் இவைதான். திருகிப் பூட்டினால் அதிர்வுக்குக் கழராது, தண்ணீரும் போகாது.

வாங்குவதுதான் பெரிய தலையிடி. டி38999/26டபிள்யூபி35எஸ்என் என்று ஒரு இலக்கம். 26 என்றால் நேரான பிளக். டபிள்யூ, பச்சை நிறக் கட்மியப் பூச்சு. பி, கோதின் அளவு. 35, உள்ளே 13 தொடுப்புகள். எஸ், பெண் தொடுப்பு. கடைசி என், உள்ளே இருக்கும் சாவிப் பள்ளங்களின் நிலை. நான் ஒருதரம் அந்த என்னுக்குப் பதிலாக ஏ போட்டு வாங்கிவிட்டேன். பார்க்க அச்சு அசல் ஒன்றுதான், ஆனால் சோடியோடு சேராது. புதிதாக எடுப்பதென்றால் கிழமைக் கணக்கில் காத்திருக்கவேண்டும். கடைசியில் மிச்சச் சாமான் விற்கிற ஒருவரிடம் இரண்டு மடங்கு காசு கொடுத்து எடுத்தோம்.

பூட்டுகிற வேலைக்கு ஈயம் தேவையில்லை. ஈயம் கம்பி இழைகளுக்குள் ஊறி விறைக்கும். அது முடிகிற இடத்தில் அதிர்வுக்குக் கம்பி முறியும். அதனால் கம்பியைச் சின்னத் தொடுப்புக்குள் விட்டு நெரிக்கவேண்டும். அதற்கென்றிருக்கும் கருவி, முழுதாக அழுத்தி முடியும்வரை பிடியை விடாது. தொடுப்பின் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும்; அதில் கம்பி இழை தெரியவேண்டும். பிறகு பின்பக்கத்தால் தள்ளினால் "கிளிக்" என்று இருந்துவிடும். 22 கேஜ் கம்பியென்றால் 12 இறாத்தல் இழுவை தாங்கவேண்டும். ஒரு மாதிரியை அறும்வரை இழுத்துச் சோதிப்போம். மற்றதெல்லாவற்றையும் கையால் மெல்ல இழுத்துப் பார்ப்போம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நான் செய்த கோர்வையைக் கண்காணிப்பாளர் எடுத்தார். ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தார். ஏழாவது கம்பி அவருடைய கையோடு வந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கம்பியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அன்று முழுக்க எனக்கு அப்பாவின் ஒஸ்ரின் கார்தான் நினைவில் நின்றது. 1990 யூனில் சண்டை தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுவோம். வயரை முறுக்கிச் சைக்கிள் ரியூப் துண்டால் சுற்றியிருக்கும். 1993இல் ஒரு இரவு அம்மம்மாவுக்கு நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், பாதி வழியில் கார் நின்றுவிட்டது. போத்தலில் ஒருதரம் ஸ்ராட் பண்ணமட்டும்தான் பெற்றோல். ரோர்ச்சுக்குப் பற்றரியும் இல்லை. தாண்டிக்குளத்தில் மறித்து எடுத்துவிட்டார்கள். அப்பா பொனற்றைத் திறந்து இருட்டில் ஒவ்வொரு மூட்டாக இழுத்துப் பார்த்தார். கொயிலுக்குப் போகிற வயர் கையோடு வந்தது. திரும்ப முறுக்கிக் கட்டினார். கார் ஸ்ராட் ஆகும்வரைக்கும் அம்மா மூச்சு விடவில்லை. அம்மம்மா அதற்குப்பிறகு ஆறு வருடம் இருந்தார்.

"முதல்நாளே இழுத்துப் பாத்திருக்கோணும்" என்று அப்பா எத்தனையோ தரம் தன்னைத்தானே நொந்திருக்கிறார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

அந்த ஏழாவது கம்பியை இப்போதும் என் கருவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அப்பா ஊரில்தான் இருக்கிறார். காது அவ்வளவாகக் கேட்காது. வேலையைப்பற்றி நான் சொல்வதில் பாதி அவருக்கு விளங்காது. ஃபோனை வைக்கமுதல் மட்டும் மறக்காமல் கேட்பார்:

"எல்லாத்தையும் இழுத்துப் பாத்தனியோ?"

"ஓமப்பா."