ஒரு குடுக்கை பாக்கி

அடுப்புக்கு மேலே, புகை ஏறிக் கறுத்த விட்டத்தில், மூன்று சுரைக்குடுக்கைகள் தொங்குகின்றன. ஒன்றில் அவரை விதை. இன்னொன்றில் துவரை. மூன்றாவது காலி.

"அது மட்டும் ஏன் ஆத்தா சும்மா தொங்குது?" என்று கேட்கிறாள் பத்து வயதுப் பேத்தி.

"சும்மா தொங்கலை கண்ணு. பாக்கி தொங்குது" என்கிறார் ஆத்தா.

வீடு இருப்பது அகளியில். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப் பகுதிக்கு அதுதான் மையம். மண்ணார்க்காட்டிலிருந்து மலைப்பாதை ஏறி முக்காலி வழியாக வரலாம். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவும் வரலாம். மேற்கு ஓரத்தில் மழை கொட்டும் சைலன்ட் வேலி காடு. கிழக்கே போகப் போக மழை மறைவுப் பிரதேசம், வானம் பார்த்த பூமி. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. சுற்றிலும் 190க்கும் மேற்பட்ட 'ஊர்கள்'. இங்கே ஊர் என்றால் பழங்குடியினரின் குடியிருப்பு என்று பொருள். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று சமூகத்தாரும் தத்தம் பேச்சோடு அங்கே வாழ்கிறார்கள்.

ஆத்தா அந்த மண்ணில் பிறந்தவர் அல்ல. 1970களின் நடுவில், அவிநாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தாய் வீட்டிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்த அவரை விதையைத் தை மாதம் கொல்லையில் ஊன்றினார். கொடி கூரை வரை ஏறியது. இலை மண்டியது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மாமியார் முணுமுணுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் இருளர் வீடு. அந்த வீட்டுப் பெண் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்போ போட்டா இலையைத்தான் தின்னணும்" என்றார். ஆடி பிறந்ததும் ஒரு சுரைக்குடுக்கை நிறைய விதையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆண்டு மார்கழியில் பந்தல் தாங்காத அளவுக்குக் காய்த்தது. செங்கருப்பு ஓடிய கொடி. ஆட்டுக் கொம்புபோல வளைந்த, ஊதா படர்ந்த காய்.

அதில் மந்திரம் ஏதுமில்லை. பந்தலில் ஏறும் பழைய அவரை ரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால், பகல் நன்றாகக் குறுகும் வேளைக்குக் கொடி வளர்ந்து தயாராக நிற்கும். தையில் ஊன்றினால் எதிரே வருவது நீளும் பகல். கொடி வளரும், பூக்காது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியில் மழைக் கணக்கு மட்டுமல்ல, வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. மும்பையிலோ டெல்லியிலோ அடுக்குமாடி பால்கனியில் அவரை வளர்த்து ஏமாந்த தமிழ்க் குடும்பங்கள், பழியை உரத்தின்மீது போடுவதற்கு முன் ஊன்றிய மாதத்தைப் பார்ப்பது நல்லது.

ஆட்டுக்கொம்பு அவரை என்பதே அதன் பெயர். 2022ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டிலும் காயிலும் உள்ள ஊதா நிறம், மற்ற அவரைகளைவிட அதிகமாக இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. வெள்ளைத் தோலும் பருத்த மணியும் கொண்ட அட்டப்பாடித் துவரைக்கும் அதே ஆண்டில் குறியீடு கிடைத்தது. இடுக்கி மாவட்டத்து எல்லையில், தமிழ் பேசும் காந்தளூர், வட்டவடைக் கிராமங்களின் மலைப்பூண்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சான்றிதழ் வந்த செய்தியைப் பேப்பரில் படித்துச் சொன்ன மகனிடம் ஆத்தா கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாள் வித்தைக் காப்பாத்தினவங்க பேரு அதுல போட்டிருக்காங்களா?"

மகன் ஜீப் ஓட்டுகிறார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு ஓய்வு. அன்று வீட்டில் பந்தல் வேலை. நாலு கவட்டைக் கொம்பு, குறுக்கே மூங்கில், மேலே பிளாச்சு, கட்டுவதற்கு வாழைநார். கம்பி வேண்டாம் என்பது ஆத்தாவின் சட்டம். வெயிலில் கம்பி சுடும், இளங்கொடி கருகும். மூங்கிலை வெட்டிய கையோடு நடுவதும் கூடாது. அதில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு வரும், ஆறு மாதத்தில் பொடிப்பொடியாய் உதிரும். சில வாரம் தண்ணீரில் போட்டு வைத்தால் மாவுச்சத்து கரைந்துவிடும், பிறகு வண்டுக்கு அங்கே வேலை இல்லை.

பேத்தியின் பங்கு இரண்டு. பழைய பள்ளிச் சீருடையை வைக்கோலில் மாட்டி ஒரு பொம்மை. மூங்கிலைப் பிளந்து ஒரு தட்டை. தட்டை என்றால் உணவுத் தட்டு அல்ல. கையில் பிடித்து அடித்தால் 'டக் டக்' என்று சத்தம் எழுப்பிப் பறவையை விரட்டும் கருவி. சங்கப் பாட்டில் தினைப்புனம் காத்த பெண்கள் கையில் இருந்தது அதுதான். புறநானூற்றில் மாங்குடி கிழாரின் பாட்டு ஒன்றில் வரகு, தினை, கொள்ளு, அவரை நான்கும் அடுத்தடுத்து உணவாக வருகின்றன. பேத்தியின் பாடப் புத்தகம் மலையாளத்தில். அவளுக்கு மாங்குடி கிழாரைத் தெரியாது. ஆனால் தட்டையை எப்படிப் பிடிப்பது என்று தெரியும்.

காய்ப்பு முடியும் காலத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. நோயில்லாத, நன்றாகக் காய்த்த கொடியில் சில காய்களுக்கு ஆத்தா துணிக் கிழிசலைக் கட்டிவிடுவார். அந்தக் காயை விருந்தாளி வந்தாலும் பறிக்கக் கூடாது. கொடியிலேயே முற்றிக் காய்ந்த பிறகு உரித்து, வெயிலில் உலர்த்தி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். 'படக்' என்று உடைந்தால் சரி. பல் பதிந்தால் இன்னும் வெயில் வேண்டும். பிறகு சலித்த அடுப்புச் சாம்பலைக் கலப்பார். பயறு வண்டுகள் காட்டிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடும். சாம்பல் துகள் வண்டின் மேல்தோலில் உள்ள மெழுகைச் சிராய்க்கும், ஈரத்தை உறிஞ்சும். வண்டு உலர்ந்து சாகும். பைசா செலவில்லாத மருந்து.

குடுக்கை செய்வதும் வீட்டு வேலைதான். சுரைக்காயைக் கொடியிலேயே விட்டுவிட வேண்டும். காம்பு காய்ந்து, தோல் வெளுத்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது அறுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கழுத்துப் பக்கம் வாய் வெட்டி, தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்தால் உள்சதை அழுகும். நாற்றம் வீட்டைத் தூக்கும். கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கழுவினால் ஓடு மட்டும் மிஞ்சும். நன்றாகக் காய்ந்தபின் விதையை நிரப்பி, வாயை அடைத்து, அடுப்பு விட்டத்தில் கட்ட வேண்டும். புகை பூச்சியை அண்டவிடாது, சூடு ஈரத்தை ஏறவிடாது. தடித்த ஓட்டுக்குக் கசப்புச் சுரை நல்லது. ஆனால் அது குடுக்கைக்கு மட்டும்தான், கறிக்கு ஆகாது. கசக்கும் சுரைக்காய் உடம்புக்கு விஷம்.

அப்படிச் செய்தவற்றில் இரண்டு நிறைந்திருக்கின்றன. மூன்றாவது, அன்று வேலிக்கு அப்பாலிருந்து வந்த குடுக்கை. ஆத்தா அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பெண் வாங்கவில்லை. "எங்களுக்குக் குறையும்போது நிறைச்சுக் கொடுங்க" என்றாராம். பல ஆண்டுகள் குறையவில்லை. பிறகு குறைந்தது.

குறைந்த கதை ஒரு வீட்டின் கதை அல்ல. 1951ல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. தமிழ்ச் சமவெளியிலிருந்தும் கேரளத்தின் தெற்கிலிருந்தும் குடியேறியவர்கள் வந்தார்கள். நிலம் கை மாறியது. ராகி, சாமை, தினை, துவரை, அவரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து விளைந்த பஞ்சைச் சாகுபடி சுருங்கியது. எந்த மண்ணில் எதை எப்போது விதைப்பது என்று அறிந்த 'மண்ணூக்காரன்' இருளர் ஊர்களில் ஒரு பதவி. அந்தப் பதவிக்கு வேலை குறைந்தது. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பியது, ரத்தத்தை ஊறச் செய்யவில்லை. 2013ல் அட்டப்பாடியின் குழந்தைச் சாவுகள் நாடெங்கும் செய்தியாயின. தாய்மாருக்கு ரத்த சோகை, எடை குறைந்து பிறந்த பிள்ளைகள். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று, கொல்லையும் காடும் தட்டிலிருந்து விலகியது. அதன்பின் சமூக சமையற்கூடங்கள் வந்தன, குடும்பஸ்ரீயின் தனித் திட்டம் வந்தது, 2017ல் சிறுதானிய கிராமத் திட்டமும் வந்தது.

ஒரு நாள் வேலியோரம் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். குடுக்கை கொடுத்தவரின் பேத்தி. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் உறுப்பினர். பாட்டி இறந்துவிட்டார். கடைசி விதையும் பஞ்சத்து மாதம் ஒன்றில் குழம்பில் போய்விட்டது. ஊரில் நாலைந்து வீடுகள் சேர்ந்து கொல்லை போடுகிறார்கள்.

"பாட்டி, கொம்பவரை வித்து இருக்குதா?"

ஆத்தா எழுந்தார். விட்டத்திலிருந்து காலிக் குடுக்கையை இறக்கச் சொன்னார். நிறைந்த குடுக்கையைச் சாய்த்து அதை நிரப்பினார். துவரையிலும் ஒரு படி அளந்து துணியில் முடிந்தார். தங்களுக்கு மிஞ்சியது இரண்டு கைப்பிடி. "நமக்கு வேணாமா ஆத்தா?" என்று பேத்தி முணுமுணுத்தாள். "ரெண்டு கை போதும் சாமி. ஒரு கொடி பொழைச்சா ஒரு குடுக்கை" என்றார் ஆத்தா.

அந்தப் பெண் குடுக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் பாட்டி சூட்டுக் கம்பியால் போட்ட கோடுகள் புகைக்குள்ளும் தெரிந்தன. அவள் கண் கலங்கியது. "இது உங்க வீட்டுது கண்ணு. எங்களுது இல்லை" என்றார் ஆத்தா.

அதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த மகன் எழுந்து வெளியே போனார். அவர் போனதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டின் நாலு ஏக்கர், அவருடைய தாத்தா வாங்கியது. யாரிடம், என்ன விலைக்கு என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. கைமாறிய பழங்குடி நிலத்தை மீட்டுத் தருவதற்குக் கேரள சட்டமன்றம் 1975ல் ஒரு சட்டம் போட்டது. அதற்கு விதிகள் வந்ததே 1986ல். 1999ல் வந்த புதிய சட்டம், இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், பழங்குடியினருக்கு மாற்று நிலம் தரப்படும் என்றது. உச்ச நீதிமன்றம் 2009ல் அதை ஏற்றது. நாலு ஏக்கர் இரண்டு ஹெக்டேருக்குள் அடங்கும். சட்டப்படி அந்த வீட்டுக்கு எந்தப் பாக்கியும் இல்லை.

மாலையில் மகன் திரும்பி வந்தார். வேலியில் இரண்டு மூங்கிலை அவிழ்த்து ஒரு ஆள் நுழையும் வழி செய்தார். அடுத்த வாரம் அந்தப் பக்கத்துக் கொல்லையில் பந்தல் போட ஜீப்பில் கவட்டைக் கொம்பு இறங்கியது. பேத்தி தன் தட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தனக்கு வேறொன்று பிளக்க உட்கார்ந்தாள்.

விட்டத்தில் இப்போது இரண்டு குடுக்கைகள்தான். கொல்லையில் சுரைக்கொடி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு காயைப் பறிக்கக் கூடாது என்று பேத்தி துணி கட்டி வைத்திருக்கிறாள்.

"பாக்கி தீர்ந்துதா ஆத்தா?"

"வித்துப் பாக்கி தீர்ந்துது கண்ணு" என்றார் ஆத்தா. மற்றதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.