சொட்டும் குழாய்

கிள்ளானில் ஒரு தாமானில் எங்கள் வீடு இருந்தது. வரிசை வீடுதான். முன்னால் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும். பின்னால், சமையலறைக் கதவுக்கும் கால்வாய்க்கும் இடையே பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதுதான் பாட்டியின் உலகம்.

பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் லயத்து வீட்டின் பின்புறம் காய்கறி போடுவாராம். “கீரையைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை” என்று பெருமையாகச் சொல்வார். தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எங்கள் வீட்டு மண் களிமண். மழை பெய்தால் ஒட்டும். வெயில் அடித்தால் வெடிக்கும். ஆகவே, பழைய அரிசிப் பைகளில் மண், காய்ந்த இலை, கோழி எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, அவற்றில் வெண்டையும் கத்தரியும் மிளகாயும் நட்டார். வேலியோரம் பயற்றங்காய்க் கொடி ஏறியது. கால்வாய்ப் பக்கம் கங்கோங் கீரை தழைத்தது.

வெண்டை விதையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைப்பார். விதைத்து ஏறத்தாழ 50 நாளில் காய்க்கத் தொடங்கும். பூ உதிர்ந்த நாலைந்து நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் நார் விழுந்துவிடும். அந்தப் பொறுப்பு என் தங்கைக்கு உரியது. அவளுக்கு அப்போது ஏழு வயது. தினமும் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே தோட்டத்துக்குப் போவாள். “இன்றைக்கு ஆறு!” என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே வருவாள்.

அந்தத் தோட்டத்துச் சுவரில் ஒரு குழாய் இருந்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது சொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்பா லாரி ஓட்டுநர். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையிலிருந்து ஒரு சிறிய ரப்பர் வாஷரை வாங்கி வந்து குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தார்.

“தம்பி, குழாய்க்குள் இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது. இதை மாற்றினால் போதும். உனக்குப் பதினைந்து வயது ஆகிறது. நீயே செய்து பார். தெரியாவிட்டால் கேள், சொல்லித் தருகிறேன்” என்றார்.

“நாளைக்குச் செய்கிறேன் அப்பா” என்றேன்.

அந்த நாளை வரவே இல்லை. மாறாக, நான் ஒரு ‘யோசனை’ செய்தேன். குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்தேன். வாளி நிறைந்ததும் பக்கத்தில் இருந்த நீல நிறத் தோம்பில் ஊற்றினேன். ஒருநாள் ஒன்றரை லிட்டர் போத்தலை வைத்து அளந்தும் பார்த்தேன். அது இரண்டு மணி நேரத்தில் நிறைந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 18 லிட்டர். ஒரு மாதத்திற்கு 540 லிட்டர்! ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று பள்ளியில் கட்டுரைகூட எழுதினேன். ஆசிரியர் பாராட்டினார். பழுதான குழாயைப் பழுதுபார்க்காத என் சோம்பல், சேமிப்பு என்ற பெயரில் அழகாக ஒளிந்துகொண்டது.

அதனால் ஒரு கேடும் வரவில்லை, பாட்டி இருந்தவரை. ஒவ்வொரு நாளும் தோம்புத் தண்ணீரை மொண்டு செடிகளுக்கு ஊற்றுவார். வெள்ளிக்கிழமைதோறும் தோம்பைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் உட்புறச் சுவரைத் தேய்ப்பார்.

“சுத்தமான தண்ணீர்தானே பாட்டி? ஏன் இப்படித் தேய்க்கிறீர்கள்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தோட்டத்தில் டிரெசர் வந்து ஒவ்வொரு வீட்டுத் தோம்பையும் எட்டிப் பார்ப்பார், ஐயா. புழு இருந்தால் எல்லார் முன்னாலும் ஏசுவார்” என்று சிரித்தார்.

அவர் சொன்னதை ஒரு பழங்கதையாகவே நான் கேட்டேன்.

அந்த ஆண்டு நவம்பரில், அத்தைக்குக் குழந்தை பிறந்ததால் பாட்டி ஈப்போவுக்குப் போனார். மூன்று வாரம் அங்கேயே தங்கினார். “செடிகளைப் பார்த்துக்கொள், தோம்பைக் கழுவ மறந்துவிடாதே” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மாலைதோறும் மழை பெய்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. தோம்பு நிறைந்து அப்படியே நின்றது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. தங்கை மட்டும் காலையில் வெண்டைக்காய் பறிக்கப் போய்வந்தாள்.

மூன்றாம் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். டிங்கிக் காய்ச்சல் என்று சொல்லி, உடனே மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறுநாள் காய்ச்சல் குறைந்தது. “அம்மா, காய்ச்சல் விட்டுவிட்டது!” என்று மகிழ்ந்தேன். ஆனால் தாதியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தானது என்று அவர் விளக்கினார். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். தட்டணுக்கள் வேகமாகக் குறையும். ஆகவே, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தங்கையின் விரலிலும் கையிலும் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். அவள் அழுவதற்குக்கூடச் சக்தியின்றிப் படுத்திருந்தாள். அவள் கையோடு இணைத்திருந்த குழாயில் மருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் நினைவுக்கு வந்தது.

அன்று பிற்பகல் சுகாதார அதிகாரிகள் எங்கள் தாமானுக்கு வந்தார்கள். டிங்கி கண்டவர் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சோதிப்பது அவர்களின் வழக்கம். ஓர் அதிகாரி கைவிளக்கைத் தோம்புக்குள் அடித்து, என்னை அருகில் அழைத்தார். தெளிந்த நீரில் சின்னஞ்சிறு புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. வெளிச்சம் பட்டதும் கீழே போயின.

ஏடிஸ் கொசு சாக்கடையைவிடத் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே விரும்பும் என்று அவர் சொன்னார். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் அது முட்டைகளை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். பாட்டி ஏன் தேய்த்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“என் தங்கையைக் கடித்தது இந்தத் தோம்பில் பிறந்த கொசுவா?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இங்கே பிறந்த கொசுக்கள் இந்த வரிசையில் யாரை வேண்டுமானாலும் கடித்திருக்கலாம்” என்றார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதக் கடிதம் ஒன்றையும் கொடுத்தார். அண்டை வீட்டு மக்சிக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள்தான் அவர் தங்கைக்காகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருந்தார். அவர் வீட்டிலும் இரண்டு சிறு பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்றிரவு அப்பா வந்தார். கடிதத்தைப் படித்தார். என்னை ஏசவில்லை. குளிர்பதனப் பெட்டியின் மேல் தூசி படிந்து கிடந்த வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “வா, விளக்கை நான் பிடிக்கிறேன்” என்றார்.

முதலில் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த முதன்மைக் குழாயை அடைத்தேன். பிறகு, பழுதான குழாயைத் திறந்து உள்ளே தங்கியிருந்த நீரை வெளியேற்றினேன். ஸ்பேனரால் அதன் தலைப்பகுதியை இடப்பக்கம் திருகிக் கழற்றினேன். உள்ளே பழைய வாஷர் இருந்தது. நடுவில் பள்ளம் விழுந்து, ஓரம் பிய்ந்து போயிருந்தது. அதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். தலைப்பகுதியை மீண்டும் திருகி இறுக்கினேன். முதன்மைக் குழாயைத் திறந்தேன். இருவரும் காத்திருந்தோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

வேலை முடிய இருபது நிமிடம் ஆனது. வாஷரின் விலை 50 சென். அந்த அமைதியில் நான் அழுதேன். அப்பா விளக்கை அணைத்துவிட்டு, என் தோளில் கை வைத்தபடி நின்றார்.

ஆறாம் நாள் தங்கையின் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. எட்டாம் நாள் வீடு திரும்பினாள், எலும்பும் தோலுமாக. பாட்டி அதற்குள் ஓடோடி வந்துவிட்டார். நான் நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு மக்சிக் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். “இனிமேல் என் வீட்டுப் பூந்தொட்டித் தட்டுகளையும் நீயே வந்து பார்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அது தண்டனையா, மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாரந்தோறும் போனேன்.

தோம்பைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். பாட்டி ஒப்பவில்லை. “தோம்பு என்ன செய்தது? மழைத் தண்ணீர் செடிக்கு நல்லது. மூடி போடு, வெள்ளிக்கிழமை தேய்” என்றார். அப்படியே செய்தேன். மூடியின் அடியில் கொசுவலையும் கட்டினேன்.

எங்கள் ஊர் கிள்ளானிலேயே, 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் அமைக்கச் செய்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார் என்று பின்னாளில் படித்தேன். ஊரைக் காப்பதற்கு வடிகால் வெட்ட வேண்டியிருந்தது. வீட்டைக் காப்பதற்கு வாரத்தில் பத்து நிமிடம் போதும்.

இன்று எனக்கென்று ஒரு வீடும் சிறு தோட்டமும் உண்டு. கருவிப் பெட்டியில் எப்போதும் நாலைந்து வாஷர்கள் வைத்திருப்பேன். விடுமுறைக்கு வரும் தங்கை காலையில் தோட்டத்துக்குப் போய், “அண்ணா, இன்றைக்கு ஒன்பது!” என்று குரல் கொடுப்பாள். அவள் எண்ணி முடித்து உள்ளே வரும்வரை நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருப்பேன்.