அணைத்த பிறகும் சுடும்

மெக்கானிக்கல் படிக்கிறேன் என்பதால் எங்க ஊரில் நான்தான் அணுவிஞ்ஞானி :-) கூடங்குளம் பேச்சு வந்தாலே கடையநல்லூர் மாமா கேட்பது ஒன்றுதான்: "மருமவனே, கரண்டு போச்சுன்னா என்னல செய்வாங்க?"

சிரிக்காதீங்க. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றன. பிறகு சுனாமி ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

நிறுத்திய உலை ஏன் சுடுகிறது? அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடும். அது பழைய சூடு, சீக்கிரம் ஆறிவிடும். உலையில் அப்படியில்லை. அணுப்பிளவு நின்றாலும், பிளந்த துண்டுகள் சிதைந்து புதிதாக வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் சுமார் 6 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்தும் சுமார் ஒரு சதவீதம்.

கூடங்குளம் தண்ணீரால் குளிரும் உலை. வேறு வழியைச் சோதிப்பது கல்பாக்கம். 1985 அக்டோபரில் அங்கே இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் குளிர்விப்பது உருகிய சோடியம். வெப்பத்தைக் கடத்துவதில் அது தண்ணீரைவிட நூறு மடங்கு கெட்டி. அங்கேயே கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி உலையில், எரிபொருளைத் தாண்டி வரும் சோடியம் சுமார் 547 டிகிரி. அது கொதிப்பது 883 டிகிரியில். நடுவே உள்ள சுமார் 336 டிகிரிதான் நமக்கான இடைவெளி. ஆனால் சோடியம் காற்றில் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். இலவசமாக எதுவும் கிடைக்காது!

மாமாவின் கேள்விக்கு அங்கே உள்ள பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. மிச்சச் சூட்டை வெளியேற்ற, தலா 8 மெகாவாட் திறனில் நான்கு தனிச் சுற்றுகள். பம்ப் கிடையாது. சூடான சோடியம் தானே மேலே ஏறும், உயரமான புகைபோக்கியின் அடியில் காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும். காற்றுப்பாதையின் அடைப்பு திறந்தால் போதும், மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

புராஜெக்டுக்கு லித்தியம் பேட்டரி அடுக்கும் நண்பர்களே, உங்களுக்கும்தான் இது. ஒரு செல் எல்லை மீறிச் சூடானால், சுவிட்சை அணைத்தாலும் உள்ளே வினை நிற்காது, பக்கத்து செல்லையும் இழுக்கும். எவ்வளவு பவர் வரும் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறோம். ஃபேனும் நின்று, ஆளும் இல்லாதபோது அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகும்? அந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.